வாழ்க்கைக் கணக்கு நடத்தும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஏழாம் வகுப்பில் தனிவட்டி நடத்திக்கொண்டிருந்தேன். புத்தகக் கணக்கு உப்புச்சப்பில்லாமல் இருக்கிறதே என்று நானே ஒன்று போட்டேன்: "பக்கத்து வீட்டில் 10,000 ரூபாய் 2 வட்டிக்கு வாங்கினால், ஒரு வருடத்துக்கு வட்டி எவ்வளவு?" எல்லோரும் 200 என்று எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் 2,400 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

அவன் எழுதியதுதான் சரி. கைமாற்றுக் கடனில் "2 வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். வருடத்துக்கு 24 சதவீதம். புத்தகத்திலும் வங்கியிலும்தான் 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு. ஊரில் புழங்கும் சொல்லை எடுத்துக்கொண்டு புத்தகத்தின் பொருளில் கேட்டது என் தவறு. இரண்டு விடையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி "எது சரி?" என்று கேட்டிருந்தால், சதவீதம் என்றால் என்ன என்று அன்றைக்கே எல்லோருக்கும் பிடிபட்டிருக்கும்.

அடுத்தது, விடை வந்ததும் கணக்கு முடிந்தது என்று விட்டுவிடுவது. 10 அடிக்கு 11 அடி அறை, 2 அடிக்கு 2 அடி டைல்ஸ். 110-ஐ 4-ஆல் வகுத்தால் 27.5. நோட்டில் சரி போட்டுவிடுவோம். கடையில் அரை டைல்ஸ் தருவார்களா? பெட்டிக்கு 4 என்றால் 7 பெட்டி. வெட்டும்போது உடையும் என்று கொத்தனார் 8 கேட்பார். அந்த எட்டாவது பெட்டி எதற்கு என்று பிள்ளைகளைப் பேசவிட வேண்டும்.

எண்களை எல்லாம் பொறுக்கி நாமே கையில் கொடுப்பதும் வேண்டாம். கரண்ட் பில்லை அப்படியே நீட்டலாம். எந்த எண் தேவை, எது தேவையில்லை என்று தேடட்டும். ஆனால் அது பள்ளிக்கூடத்து பில்லாகவோ உங்கள் வீட்டு பில்லாகவோ இருக்கட்டும். "அப்பா சம்பளத்தை எழுதிக்கொண்டு வா" என்றால் சில பிள்ளைகள் கூனிக்குறுகிப் போவார்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைத்தெருக் கதை தேடாதீர்கள். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை என்பதைக் கடன் கதையில் சொல்லப்போய் நானே குழம்பியிருக்கிறேன். 2 × (−3) = −6, 1 × (−3) = −3, 0 × (−3) = 0 என்று வரிசையாக எழுதிவிட்டு, அடுத்து (−1) × (−3) என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். விடை மும்மூன்றாகக் கூடுவதைப் பார்த்து அவர்களே 3 என்று சொல்லிவிடுவார்கள்.