உங்கள் ரைஃபிளுக்குப் பிடித்த தோட்டாவைக் கண்டுபிடிப்பது எப்படி

சிங்கப்பூரின் ஓல்டு சுவா சூ காங் ரோட்டில் இருக்கும் தேசியத் துப்பாக்கி சுடும் நிலையத்தில், சனிக்கிழமை காலைகளில் இளையவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அக்கா, எந்தத் தோட்டா வாங்கலாம்?" ஏலி டெனெக்ஸா, ஆர்டபிள்யூஎஸ் ஆர்50யா, லாபுவா சென்டர்-எக்ஸா என்று பெயர்களை அடுக்குவார்கள். மூன்றுமே நல்லவை. ஆனால் உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகும் என்று பெட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படிச் சுட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

அந்த முறை தெரியாமல் நான் ஒரு வருடத்தைத் தொலைத்திருக்கிறேன். வாங்குமுன் ஐந்தே ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தேன். ஐந்தும் ஒரே ஓட்டையில் போனது போல இருந்தது. அந்த மகிழ்ச்சியில் அதே லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரான அதே தொகுதியில், 2000 தோட்டா வாங்கிவிட்டேன். அப்புறம் போட்டிகளில் பத்துக்குப் பத்தாக வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஒன்று கீழே இறங்கி 9 ஆகும். மூச்சைச் சரிசெய்தேன், கையோடு ரைஃபிளை இறுக்கும் ஸ்லிங் வாரை மாற்றினேன், விசையை அழுத்தும் விரலைக்கூட மாற்றிப் பழகினேன். மாதக்கணக்கில் என் உடம்பையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், அந்த லாட் என் ரைஃபிளுக்கு ஆகவில்லை.

ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் பொருத்தம் என்பது என்ன என்று கேட்டால், என் அண்ணன் தேசிய சேவையில் தூக்கிய எம்16 வகை ராணுவ ரைஃபிளிலிருந்து ஆரம்பிப்பேன். எம்16ஏ1 குழலின் உள்ளே ஓடும் புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் திருகு வரி, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்கு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதிக்கு) அந்தச் சுழற்சி போதும். பிறகு வந்த எஸ்எஸ்109 குண்டு 62 கிரெய்ன், நீளமும் அதிகம். பழைய குழலில் சுட்டால் போதுமான சுழற்சி கிடைக்காமல் தள்ளாடும். எம்16ஏ2-வில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்றினார்கள்.

நாம் 50 மீட்டரில் சுடும் .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவில் இந்தப் பிரச்சினை இல்லை. குண்டு பெரும்பாலும் 40 கிரெய்ன், புரி பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இங்கே வேறுபாடு நுணுக்கமானது: பித்தளை உறையின் விளிம்பு எவ்வளவு தடிமன், அந்த விளிம்புக்குள் தீப்பொறி மருந்து எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது, ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு எப்படிப்பட்டது, தோட்டா உட்காரும் உங்கள் சேம்பரின் அளவு என்ன. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே தொழிற்சாலை என்றாலும் லாட் மாறினால் இவை கொஞ்சம் மாறும். அதனால் பெயரை விட்டுவிட்டு, பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணைப் பாருங்கள்.

'ஹை வெலாசிட்டி' (அதிவேகம்) என்று எழுதிய பெட்டியைத் தொடாதீர்கள். போட்டித் தோட்டா குழலைவிட்டு ஏறத்தாழ நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். நம் ஊரின் 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 349 மீட்டர். குண்டு அதற்குக் கீழேயே இருப்பதுதான் நமக்கு வேண்டும். ஒலியைத் தாண்டிக் கிளம்பும் குண்டு சீக்கிரமே வேகத்தை இழக்கும். ஒலியின் வேகத்தை ஒட்டி இறங்கும்போது அதன் ஓட்டம் கலையும். வேகமான குண்டை காற்று குறைவாகத் தள்ளும் என்று நினைக்கத் தோன்றும். .22-இல் அது நேர்மாறு.

சரி, சோதனைக்கு வருவோம். துப்பாக்கியும் தோட்டாவும் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும், வீட்டுக்கு எதையும் கொண்டுபோக முடியாது. எனவே ஒரே காலையில் முடியும்படி திட்டமிடுங்கள். நான்கு லாட் போதும், லாட்டுக்கு 50 தோட்டா உள்ள ஒரு பெட்டி. முதலில் சுடப்போகும் லாட்டில் மட்டும் இரண்டு பெட்டி வாங்குங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் இடிமழைக்கு முன் வரும் காற்று எதையும் நிதானமாகச் செய்யவிடாது. நொடிக்கு 1 மீட்டர் குறுக்குக் காற்றே 50 மீட்டரில் குண்டைச் சுமார் 5 மில்லிமீட்டர் நகர்த்தும். ஏர்கான் அறையிலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறக்க வேண்டாம். ஈரக் காற்று பட்டு உறைமேல் நீர் பூக்கும். நிழலில் அரைமணி நேரம் மூடியே வையுங்கள்.

முதலில் ரைஃபிளின் உலோகப் பகுதியை அதன் மரக்கட்டையோடு பிணைக்கும் திருகுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் சாவியால் சரிபாருங்கள். ஒரு திருகு தளர்ந்திருந்தால் எந்தத் தோட்டாவும் கெட்ட தோட்டாவாகத் தெரியும். முன்னும் பின்னும் மணல் பை வைத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ரைஃபிள் உட்காரட்டும். நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுடுகிறீர்கள் என்பது அன்றைக்குத் தேவையில்லாத விஷயம்.

ஒவ்வொரு லாட்டின் முதல் 10 தோட்டாவையும் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். முந்தைய தோட்டாவின் மெழுகு குழலுக்குள் படிந்திருக்கும், புது மெழுகு அந்த இடத்தைப் பிடிக்க அவ்வளவு ஆகும். இதைச் செய்யாமல் லாட் மாற்றி மாற்றிச் சுடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் அளப்பது எந்த லாட்டையும் அல்ல. மீதி 40-ஐ பத்துப் பத்தாக நான்கு அட்டைகளில் சுடுங்கள். தோட்டாவை சேம்பரில் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். சூடான குழலில் அது வெந்து வேகம் மாறும்.

ஏன் பத்து? ஐந்து தோட்டா விழுந்த ஓட்டைக் கூட்டம், அதாவது குரூப், அழகாகத்தான் இருக்கும். அதே லாட்டில் பத்து சுட்டால், சராசரியாகக் கால் பங்கு பெரிதாகும். மூன்று தோட்டாவோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல். எண்ணிக்கை குறைந்தால் அதிர்ஷ்டம் உள்ளே வந்துவிடும். என் 2000 தோட்டா அப்படித்தான் போனது.

நான்கு லாட்டும் முடிந்ததும், முதல் லாட்டின் இரண்டாவது பெட்டியை எடுத்து, மறுபடி 10 தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டு, பிறகு ஓர் அட்டை சுடுங்கள். காலையில் வந்த அளவே வந்தால் உங்கள் சோதனையை நம்பலாம். பெரிதாக மாறியிருந்தால் காற்றோ நீங்களோ மாறிவிட்டீர்கள். அன்றைய எண்களை வைத்து எதையும் வாங்காதீர்கள்.

அளப்பதற்குக் காலிப்பர் வேண்டும். மிகத் தூரமான இரு ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து, குண்டின் விட்டமான 5.6 மில்லிமீட்டரைக் கழித்தால், மையத்துக்கு மைய அளவு கிடைக்கும். 50 மீட்டர் இலக்கில் பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர் அகலம். குண்டின் விளிம்பு தொட்டாலே பத்து என்பதால், நடுவில் விழும் 16 மில்லிமீட்டர் குரூப் முழுதும் பத்துதான். ஆனால் அதில் நீங்கள் செய்யும் தவறுக்கு இடமே இல்லை. எனக்கு 13-க்குள் இருந்தால்தான் மனம் ஒப்பும். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் மார்ட்டினா வெலோசோ தங்கம் வென்ற படுத்துச் சுடும் போட்டியில், பத்துக்குள்ளேயே 10.0 முதல் 10.9 வரை எண்ணுவார்கள். ஒரு மில்லிமீட்டரும் அங்கே புள்ளிதான்.

எண்ணை மட்டும் பார்க்காமல் வடிவத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்ட குரூப் என்றால் அந்த லாட்டின் வேகம் சீராக இல்லை. கணக்குப்படி, நொடிக்கு 10 மீட்டர் குறைந்த குண்டு 50 மீட்டரில் சுமார் 8 மில்லிமீட்டர் கீழே விழும், அது சரியாக ஒரு வளையம். என் பழைய லாட்டின் 9-கள் எல்லாம் நேர் கீழே, ஆறு மணிப் பக்கம் விழுந்தவை. அட்டைகளை அன்றே உற்றுப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்றையோ உங்கள் கையையோ பாருங்கள்.

தனியாகத் தெறித்துப் போன ஓட்டையை 'அது என் தவறு' என்று அழிக்காதீர்கள். சுட்ட கணத்திலேயே தவறு என்று உணர்ந்து குறித்திருந்தால் மட்டும் விடலாம். அட்டையைப் பார்த்தபிறகு தோன்றும் சாக்கு செல்லாது.

தேர்ந்தெடுக்கும்போது மிகச் சிறிய குரூப் எந்த லாட்டில் வந்தது என்று பார்ப்பவர்கள் அதிகம். நான் நான்கு அட்டைகளில் மோசமானதைத்தான் ஒப்பிடுவேன். போட்டியில் 60 தோட்டா சுடுகிறோம், அந்த மோசமான அட்டை அங்கேயும் வரும். என் ரைஃபிளில் ஒருமுறை, விலையில் பாதியான எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் லாட் ஒன்று இப்படித்தான் பெரிய பெயர்களை முந்தியது. அதே பெயரின் அடுத்த லாட் முந்தவில்லை.

பிடித்த லாட் கிடைத்ததும் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு அன்றே ஆர்டர் கொடுங்கள். இன்னொருவர் குழலுக்கும் அது பிடித்திருந்தால் அடுத்த வாரம் இருக்காது. அட்டைகளைத் தேதி, வெப்பநிலை எழுதிக் கோப்பில் வையுங்கள். கேட்கிற எல்லாருக்கும் என் கோப்பைக் காட்டுகிறேன், ஆனால் அதிலிருந்து லாட் எண்ணை மட்டும் நகல் எடுக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.