சின்னப் பிழைகளை விட்டுவையுங்கள்

புதிதாக ஓப்பன் சோர்ஸ் திட்டம் (யாரும் கோடைப் பார்த்து, மாற்றி, பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) ஒன்றைத் தொடங்கியிருக்கிறீர்களா? கண்ணில் படும் சின்னச் சின்னப் பிழைகளையெல்லாம் நீங்களே சரிசெய்துவிடாதீர்கள். நாலைந்தை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அவற்றுக்கு 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர்கள் தொடங்க ஏற்ற வேலை) லேபிளைப் போடுங்கள். புதியவர்கள் பலர் அதைத் தேடித்தான் வருவார்கள்.

லேபிள் மட்டும் போதாது. "தேதி தப்பாகக் காட்டுகிறது" என்று ஒற்றை வரி எழுதினால் யாரும் தொடமாட்டார்கள். எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், சரியானபின் திரையில் என்ன வரவேண்டும், எந்த டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். அதை எழுதும் நேரத்தில் நீங்களே முடித்துவிடலாம்தான். இருந்தாலும் எழுதுங்கள், உங்களுக்கு இப்போது ஆள்தான் தேவை.

அப்புறம், ஒருவருடைய முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு, அதாவது தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் அனுப்பும் கோரிக்கைக்கு, ஓரிரு நாளுக்குள் பதில் போடுங்கள். நேரமில்லையா? "பார்த்தேன், சனிக்கிழமை ரிவ்யூ செய்கிறேன்" என்றாவது சொல்லுங்கள். ஸ்பேஸ், கமா குறைகளை லின்ட்டர் (கோடைத் தானாகச் சோதிக்கும் கருவி) சொல்லிக்கொள்ளட்டும். அந்தச் சள்ளை உங்களுக்கு எதற்கு?

லைசென்ஸ் கோப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் கோட் பொதுவில் கிடந்தாலும் ஓப்பன் சோர்ஸ் ஆகாது.