ஹைப்ரிட் ட்ரம் கிட்: எல்லாக் கோளாறுக்கும் த்ரெஷோல்டைத் திருகாதீர்கள்

ஸ்னேரில் ட்ரிக்கரை (அடியின் அதிர்வை உணரும் சென்சார்) மாட்டி, மாட்யூலில் (அந்த சிக்னலை வாங்கி ஒலியை விடும் கருவி) ஒரு கிளாப் சாம்பிளை (பதிவு செய்த கைதட்டல் ஒலி) ஏற்றி, சவுண்ட் செக்கில் ஓங்கி ஓர் அடி. இரண்டு கிளாப் கேட்கிறது. உடனே கை த்ரெஷோல்டுக்குப் போகிறது, அதாவது இதற்குக் குறைந்த அதிர்வைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் செட்டிங்குக்கு. கொஞ்சம் ஏற்றியதும் இரட்டைச் சத்தம் அடங்கின மாதிரி இருக்கும். மேடையில் மெல்ல வாசிக்க வேண்டிய பாட்டு வந்ததும் கிளாப்பே வராது. அக்கூஸ்டிக் கிட்டோடு எலெக்ட்ரானிக்கைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப இதில்தான் விழுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். கேபிளை மறந்து வருவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

மூன்று கோளாறுகள், ஒரே திருகு

ட்ரிக்கர் தப்பாகப் பேசுவது மூன்று விதம். மூன்றுக்கும் காரணம் வேறு, செட்டிங்கும் வேறு.

ஓர் அடிக்கு இரண்டு சத்தம் வந்தால் அது ரீட்ரிக்கர். குச்சி பட்ட பிறகும் ஹெட் (ட்ரம்மின் தோல்) அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்வு தணிந்து மறுபடி எழும்போது மாட்யூல் அதைப் புது அடி என்று எடுத்துக்கொள்கிறது. முதலில் கை வைக்க வேண்டியது ட்ரம்மில்தான். லக்குகளை (ஹெட்டை இறுக்கும் இடங்கள்) சமமாக ட்யூன் செய்து, ஹெட்டின் ஓரத்தில் அதிர்வை அடக்கும் ஒரு சின்ன ஜெல் ஒட்டினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். மீதிக்கு மாட்யூலில் ரீட்ரிக்கர் கேன்சல், மாஸ்க் டைம் என்ற செட்டிங்குகள் இருக்கின்றன. மாஸ்க் டைம் என்பது ஓர் அடிக்குப் பிறகு இத்தனை மில்லிசெகண்ட் எதையும் கண்டுகொள்ளாதே என்ற உத்தரவு. 120 டெம்போவில் முப்பத்திரண்டாம் நோட்டுகளுக்கு இடையே 62.5 மில்லிசெகண்ட் இருக்கிறது. 200 டெம்போவில் 37.5 தான். ஆகவே குறைந்த எண்ணில் தொடங்கி, இரட்டைச் சத்தம் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். தாராளமாக வைத்தால் வேகமான ரோலில் அடிகள் காணாமல் போகும்.

டாமை அடித்தால் பக்கத்துப் பேட் (அடித்தால் சாம்பிள் ஒலிக்கும் எலெக்ட்ரானிக் தட்டு) பேசினால் அது க்ராஸ்டாக். அதிர்வு ஸ்டாண்டு வழியாகவும் ரேக் வழியாகவும் நடக்கிறது. ஃப்ளோர் டாம் காலிலோ கனமான சிம்பல் ஸ்டாண்டிலோ பேடை கிளாம்ப் போடுவதுதான் பெரும்பாலும் வினை. தனி ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள். அப்புறம்தான் க்ராஸ்டாக் கேன்சல். ஒரே நேரத்தில் இரண்டு இன்புட்டில் சிக்னல் வந்தால், சின்னதை அது ஒதுக்குகிறது. ஒரே மாட்யூலுக்குள் வரும் சிக்னல்களைத்தான் அதனால் ஒப்பிட முடியும். ட்ரிக்கர் ஒரு மாட்யூலிலும் பேட் வேறொரு கருவியிலும் இருந்தால், எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் பலனில்லை.

யாரும் எதையும் அடிக்காமலே சாம்பிள் ஒலித்தால், பேஸ் ஆம்ப், சப் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), மானிட்டர் ஆகியவற்றின் அதிர்வு ட்ரிக்கரை எட்டுகிறது. த்ரெஷோல்டின் வேலை இது மட்டும்தான். இதைச் சரிசெய்ய வீட்டில் உட்கார்ந்து பார்த்துப் பயனில்லை. பேஸ் கலைஞரைக் கச்சேரி வால்யூமில் வாசிக்கச் சொல்லி, ட்ரிக்கர் சும்மா இருக்கும் வரை ஒவ்வொரு எண்ணாக ஏற்ற வேண்டும். ஏற்றிய கையோடு, உங்களுக்குத் தேவையான மிக மெல்லிய கோஸ்ட் நோட்டை அடித்துப் பாருங்கள். அதற்குச் சாம்பிள் வந்தால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். வரவில்லை என்றால் ஆம்பையோ மானிட்டரையோ நகர்த்துங்கள், த்ரெஷோல்டை அல்ல.

வரிசையும் முக்கியம். ட்யூனிங், ட்ரிக்கரைப் பொருத்துதல், சென்சிட்டிவிட்டி, ரீட்ரிக்கர், க்ராஸ்டாக், கடைசியில் த்ரெஷோல்ட். ட்யூனிங்கை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. சென்சிட்டிவிட்டியில், உங்கள் முழு பலத்தோடு விழும் அடி மட்டும் 127-ஐ (அடியின் பலத்துக்கு மாட்யூல் காட்டும் உச்ச எண்) தொட வேண்டும். நடுத்தர அடியே 127 காட்டினால், எப்படி வாசித்தாலும் ஒரே சத்தம்தான் வரும்.

கிக்கில் மைக்கும் சாம்பிளும்

கிக் மைக்கோடு சாம்பிளையும் சேர்த்தால் கனம் கூடும் என்று நினைப்போம். பல நேரம் குறைகிறது. ட்ரிக்கர் அடியை அளந்து சாம்பிளை விடுவதற்குள் சில மில்லிசெகண்ட் போய்விடும். லேப்டாப் வழியாக என்றால் இன்னும் கூடும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபருக்கே (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்கு; இங்கே சாம்பிள் என்பது ஒலியளவின் ஒற்றைப் புள்ளி) ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட். மொத்தம் 5 மில்லிசெகண்ட் தாமதித்தால் 100 ஹெர்ட்ஸில் இரண்டும் நேர் எதிராக நின்று ஒன்றையொன்று அழிக்கும்.

முதலில் சாம்பிள் ஃபைலைத் திறந்து, ஒலி தொடங்கும் முன் காலி இடம் இருந்தால் வெட்டுங்கள். பிறகு மிக்ஸரில் ஒரு சானலின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ்த் திசை) திருப்பி, எந்த நிலையில் அடித்தளம் கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: மைக்கில் ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர்) போட்டு அடியின் கூர்மையை மட்டும் எடுத்து, கீழ்ப்பகுதியைச் சாம்பிளிடம் விடுங்கள்.

கேபிள்

ரிம்மும் ஹெட்டும் தனித்தனியாகப் பேசும் ட்ரிக்கருக்கு ஸ்டீரியோ கேபிள் வேண்டும். மோனோ கேபிள் போட்டுவிட்டு ரிம் கெட்டுப்போச்சு என்று ட்ரிக்கரைக் கழற்றாதீர்கள்.

அவுட்புட்டுக்கு டிஐ பாக்ஸ் (சிக்னலை நீண்ட கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) கட்டாயம். நீண்ட கேபிளில் மாட்யூலை நேராக ஸ்டேஜ் பாக்ஸில் செருகினால் இரைச்சல் ஏறும். சவுண்ட் இன்ஜினியர் ஒரே சானல்தான் தருவார் என்றால், மோனோ என்று எழுதியிருக்கும் ஜாக்கை மட்டும் செருகுங்கள். இரண்டையும் செருகி அவர் ஒன்றை மட்டும் எடுத்தால், வலப்பக்கம் பேன் செய்த சாம்பிள்கள் யாருக்கும் கேட்காது.

க்ளிக்

வாசிப்பவருக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் க்ளிக்குக்குத் தனி அவுட்புட். சபைக்குப் போகும் மாஸ்டரில் ஒருபோதும் வேண்டாம்.

சாம்பிள் லெவல்

ஹெட்போனில் சமப்படுத்திய லெவல் பெரிய ஸ்பீக்கரில் நிற்காது; சப்பில் இறங்கும் சாம்பிள் அங்கே இரண்டு மடங்கு ஓங்கும். பாட்டுக்குப் பாட்டு கிட் மாற்றுகிறவர்கள், சவுண்ட் செக்கில் எல்லாக் கிட்டின் கிக்கையும் வரிசையாக ஒரு முறை அடித்து, ஓங்குவதை மாட்யூலிலேயே குறைத்து சேவ் செய்ய வேண்டும்.

அடாப்டர்

வோல்ட்டும் துருவமும் மாட்யூலில் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒயரை ஸ்டாண்டில் கட்டுங்கள்.

மாட்யூல் நின்றுபோனால்

கிக்கிலும் ஸ்னேரிலும் மைக் இருக்கட்டும், சாம்பிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.