உளவியல் வினாநிரல் ஒன்றை நம்பலாமா என்று சரிபார்க்கும் முறை

ஓர் உளவியல் சோதனையின் கையேட்டைத் திறந்ததும், அது யாரிடம், எந்த நோக்கத்துக்காகச் சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதை முதலில் தேடுங்கள். மனச்சோர்வை அறிய மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 வினாநிரலை எடுத்துக்கொள்வோம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 மதிப்பெண்கள்.

நம்பகத்தன்மை என்பது, ஒருவருடைய நிலை மாறாதவரை அவருடைய மதிப்பெண்ணும் ஏறக்குறைய மாறாதிருப்பது. 2001இல் வெளியான முதல் ஆய்வில், 48 மணி நேரத்துக்குள் மீண்டும் கேட்டபோது இரு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.84 ஆக இருந்தது (முழுமையாக ஒத்துப்போனால் 1). இந்த இடைவெளி முக்கியம். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் மனிதரே மாறியிருப்பார், அதைக் கருவியின் குறையாகக் கொள்ள முடியாது. கேள்விகள் தமக்குள் ஒத்துப்போவதைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.95ஐத் தாண்டினால் எனக்கு ஐயமே எழும். ஒரே கேள்வியைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாலும் அந்த எண் உயரும்.

ஏற்புடைமையைச் சரிபார்ப்பதே கடினமான பகுதி. அளப்பதாகச் சொல்வதைத்தான் சோதனை அளக்கிறதா என்று அறிய, அதற்கு வெளியே ஓர் அளவுகோல் வேண்டும். அதே ஆய்வில் மனநல வல்லுநர்கள் தனியே நேர்காணல் செய்து கண்டறிந்த முடிவுகளுடன் ஒப்பிட்டபோது, 10 மதிப்பெண்ணை எல்லையாக வைத்தால், கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரையும் இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரையும் வினாநிரல் சரியாகப் பிரித்தது. இதை உங்கள் இடத்துக்குப் பொருத்திக் கணக்கிடுங்கள். 1000 பேரில் 100 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கொண்டால், 88 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். மீதி 900 பேரில் 108 பேர் தவறாக அதே பட்டியலில் சேர்வார்கள். ஆகவே எல்லையைத் தாண்டிய மதிப்பெண்ணை நோயின் முடிவாக எழுதிவிடாமல், நேர்காணலுக்கு அனுப்புங்கள்.

அண்மையில் குழந்தை பெற்ற தாய்க்குத் தூக்கமின்மையும் களைப்பும் மனச்சோர்வு இல்லாமலே வரும் என்பதால், வேறொரு கூட்டத்தில் பெற்ற எல்லையை அவரிடம் அப்படியே பயன்படுத்தக் கூடாது. மொழிபெயர்த்த வடிவத்துக்கும் இதே சோதனைகளை மறுபடி செய்ய வேண்டும். அதற்கு முன், சிலரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு கேள்வியும் தமக்கு எப்படிப் புரிந்தது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, அதை எழுதிக்கொள்ளுங்கள்.