பால்ராக்கின் சிறகை வைத்து வாதிடுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடும் ஐந்தாறு பேர், மாயக்கதை நாவல்களையும் அவற்றின் திரைவடிவங்களையும் வைத்துச் சண்டையிடாத வாரம் கிடையாது. அந்தச் சண்டைகளில் பலமுறை தோற்றுக் கற்றுக்கொண்ட முறை இது.

படத்தில் புதிதாகத் தெரியும் எதையும் உடனே இயக்குநரின் கற்பனை என்று சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் வேறோர் இடத்தில் அதை எழுதியிருக்கக்கூடும். டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலில் மிர்க்வுட் காட்டின் ஓரத்தில் குள்ளர்களைப் பிரிந்து போகும் மந்திரவாதி காண்டால்ஃப் எங்கே போனார் என்பது, கதை முடியும் தறுவாயில் ஓரிரு வரிகளில்தான் தெரியவருகிறது. 2012 முதல் 2014 வரை வந்த பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களும் அந்தப் பயணத்தை விரித்துக் காட்டியதை நான் ஒரு நாள் வெறும் இட்டுக்கட்டல் என்று அடித்துப் பேசினேன். வியாசர்பாடியிலிருந்து வரும் நண்பர் பதில் பேசாமல், டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையில் கடைசியாக 1955இல் வெளியான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' நூலின் பின்னிணைப்பைப் பிரித்து நீட்டினார். காண்டால்ஃப் போன இடமான டோல் குல்டூர் கோட்டை மீதான தாக்குதல் அங்கே ஆண்டுக் குறிப்போடு இருந்தது. அதே படங்களில் வரும் டாரியல் என்ற எல்ஃப் வீராங்கனையோ டோல்கீன் எழுதிய எந்தப் பக்கத்திலும் இல்லை. முன்னது கிழிசலைத் தைத்தது, பின்னது புதுத்துணி. இரண்டையும் ஒரே குற்றச்சாட்டில் அடைத்தால் வாதம் அங்கேயே தோற்கும்.

எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். 'தி ஹாபிட்' நாவலின் 1937ஆம் ஆண்டு முதல் பதிப்பில் தன் மாய மோதிரத்தைப் பந்தயப் பரிசாகத் தர ஒப்புக்கொண்ட கோல்லம் என்ற குகைவாசியை, 1951 பதிப்பில் டோல்கீனே மாற்றி எழுதினார்.

உண்மையான சிக்கல், ஆசிரியரின் சொல்லே இருபொருள் தரும் இடத்தில்தான் இருக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மோரியா என்ற சுரங்க நகரின் பாலத்தில் வரும் பால்ராக் என்ற தீப்பூதத்தைச் சூழ்ந்த நிழல் இரண்டு பெரிய சிறகுகளைப் போல விரிந்தது என்று முதலில் எழுதும் டோல்கீன், சற்றுப் பின்னர் 'போல' இல்லாமலே அதன் சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்கிறார். இரண்டாவது சிறகு மெய்யான சிறகா, உவமையாகுபெயரா? 'காளை வந்தான்' என்றால் நாம் கொம்பைத் தேடுவதில்லை. ஆனால் கேமராவால் 'போல' என்று சொல்ல முடியாது. அந்தக் கதையை வைத்து 2001இல் வந்த ஜாக்சனின் படம் புகையும் நிழலுமாகச் சிறகை வரைந்தே ஆகவேண்டியிருந்தது. ஆகவே இங்கே படம் நூலை மீறியதா என்று கேட்பதைவிட, எடுத்த முடிவைப் படம் இறுதிவரை காப்பாற்றியதா என்று கேட்பதே முறை. (வியாசரிடம் போர்க்களத்தில் மாயும் அரவானைத் தமிழ்க்கூத்து களப்பலியாக்கியபோதும் நம் பாட்டிகள் மூலநூலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.)

சிறகு இருந்தால் பாலம் உடைந்தபோது பால்ராக் ஏன் பள்ளத்தில் விழுந்தது என்ற கேள்வி உங்களை நோக்கி நிச்சயம் வரும். அதற்கு எங்கள் மாடியில் காசிமேட்டு நண்பர் சொன்ன பதிலை இதுவரை எவரும் வெட்டிப் பேசவில்லை: "சேவலுக்கும் சிறகு உண்டு; பெரம்பூர் மேம்பாலத்திலிருந்து தள்ளிவிட்டால் மேலேயா போகும்?"