ஹேஷ்டேக்: பழைய பழக்கத்தால் நேரும் தவறுகள்

பதிவு இரண்டே வரி, அதன் அடியில் முப்பது ஹேஷ்டேக். இந்தப் பழக்கத்தை இன்னும் பலர் விடவில்லை. ஒருகாலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப வல்லுநர், சொல்லுக்கு முன்னால் இடும் '#' என்ற இந்தக் குறியை ட்விட்டரில் பரிந்துரைத்தபோது, ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் சான் டியாகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, தகவல்களை ஓரிடத்தில் திரட்ட இந்தக் குறி உதவியது. பிறகு இன்ஸ்டாகிராம் 2011இலும் ஃபேஸ்புக் 2013இலும் இதை ஏற்றுக்கொண்டன.

இன்று நிலைமை வேறு. பதிவில் உள்ள சொற்கள், யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், யாருக்கு அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் வைத்தே ஒரு பதிவை யாரிடம் காட்டுவது என்று தளங்கள் முடிவுசெய்கின்றன. ஹேஷ்டேகைப் பின்தொடரும் வசதியை 2017இல் கொண்டுவந்த இன்ஸ்டாகிராமே 2024 இறுதியில் அதை நீக்கிவிட்டது.

ஆகவே முதல் தவறு, பதிவின் சொற்கள் செய்ய வேண்டிய வேலையை ஹேஷ்டேகிடம் ஒப்படைப்பது. சைக்கிள் சங்கிலி அடிக்கடி கழன்றுவிடுவதைச் சரிசெய்யும் அருமையான காணொளி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு 'இதைப் பாருங்கள்'. கீழே #சைக்கிள் #பயணம் #வாழ்க்கை. அந்தச் சிக்கலில் இருப்பவர் தேடும்போது 'சைக்கிள் சங்கிலி கழல்கிறது' என்றுதான் எழுதுவார். அந்தச் சொற்கள் தலைப்பிலும் விளக்கத்திலும் இருக்க வேண்டும். அதன் பிறகு பொருத்தமான இரண்டு மூன்று ஹேஷ்டேக் போதும். #வாழ்க்கை போன்ற கடலில் எந்தப் பதிவும் கரைந்துதான் போகும்.

பரபரப்பாக ஓடும் ஹேஷ்டேகை, அதன் கீழ் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்காமலே எடுத்து ஒட்டுவது இன்னும் மோசம். 2014இல், குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் தாங்கள் ஏன் உடனே விலகவில்லை என்பதை ஒரு ஹேஷ்டேகில் எழுதிவந்தார்கள். ஒரு பீட்சா நிறுவனம் அதே ஹேஷ்டேகில் விளம்பரம் போட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெண்கள் எழுதியதில் நான்கைந்து பதிவுகளைப் படித்திருந்தாலே அது நடந்திருக்காது.

நல்லெண்ணமும் கெடுதல் செய்யும். 2020 ஜூன் 2 அன்று, இனவெறிக்கு எதிராக எண்ணற்றவர்கள் இன்ஸ்டாகிராமில் கறுப்புக் கட்டம் பதிவிட்டார்கள். அவர்களில் பலர் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' ஹேஷ்டேகையும் சேர்த்தார்கள். போராட்டம் எங்கே நடக்கிறது, காயமடைந்தவர்களுக்கு எங்கே உதவி கிடைக்கும் என்று மக்கள் தேடிக்கொண்டிருந்த இடம் அதுதான். திறந்தால் கறுப்புக் கட்டங்கள் மட்டும். கட்டம் இருக்கட்டும், அந்த ஹேஷ்டேகை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று செயற்பாட்டாளர்கள் கெஞ்ச வேண்டியதாயிற்று. ஆதரவு தெரிவிக்கும் இடம் வேறு, தகவல் பரிமாறும் இடம் வேறு. இந்த வேறுபாட்டை மறப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு என்பேன்.

சொற்களை இடைவெளியின்றி ஒட்டுவதும் குழப்பும். 2013இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் மறைந்தபோது, #nowthatchersdead என்று ஒட்டியே எழுதப்பட்ட ஆங்கில ஹேஷ்டேகை 'now that Cher's dead' என்று தவறாகப் பிரித்துப் படித்தவர்கள் பாடகி ஷேர் இறந்துவிட்டதாகப் பதறினார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது உதவும். தமிழில் அந்த வசதி இல்லாததால் அடிக்கோடு இடுங்கள்: #இரத்த_தானம். நடுவில் இடைவெளியோ சிறுகோடோ வந்தால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும்.

நிகழ்ச்சிகளிலும் பேரிடர்களிலும் ஹேஷ்டேகின் பயன் இன்னும் குறையவில்லை. அங்கே ஆளுக்கொன்றாக உருவாக்காமல், ஏற்கெனவே புழங்குவதையே பயன்படுத்துங்கள். உதவி கேட்டுப் பதிவிட்டால் இடத்தையும் நேரத்தையும் பதிவிலேயே எழுதுங்கள். உதவி வந்து சேர்ந்ததும் மறக்காமல் அந்தப் பதிவை நீக்குங்கள். இல்லையென்றால் மறுநாளும் அது பகிரப்பட்டு, வேறொருவரிடம் போக வேண்டிய ஆட்கள் அங்கே வந்து நிற்பார்கள்.