டிரஸ்டுக்குப் பணம் தரும் முன்

காட்பாடி காந்தி நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதுகிறேன். மார்ச் வந்தால் நன்கொடை ரசீதுகள் கத்தை கத்தையாக வரும். முதலில் ரசீதில் டிரஸ்டின் பான் எண்ணும், நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவின் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ரப்பர் ஸ்டாம்பும் சாமி படமும் கணக்கில் சேராது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவே.

பையன் அமெரிக்காவிலிருந்து அனுப்பலாமா என்று கேட்பவர்கள் அதிகம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சேமிப்பை பேங்க் மூலம் தாராளமாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடை. டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும்; பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குக்கே போக வேண்டும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடருக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. 1902இல் வேலூரில் அவர் திறந்த ஷெல் ஆஸ்பத்திரியே நியூயார்க் பேங்கர் ஒருவர் கொடுத்த பணத்தில் எழுந்ததுதான்!

பொருளாகத் தருவதென்றால் கேட்டுவிட்டுத் தாருங்கள். உதாரணமாக, தொழுநோயால் பாதம் மரத்தவருக்கு ஆணி அடித்த செருப்பு ஆகாது. குத்தினாலும் தெரியாமல் புண்ணாகிவிடும். எம்.சி.ஆர். என்ற நுண்துளை மெத்து ரப்பரில், கால் அளவெடுத்துத் தைத்ததுதான் வேண்டும். பழைய செருப்பு மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள்.